எண்ணிக் குத்திய மூட்டைகள்

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடைத் தராசுக்கு நீ எழுதித் தந்த புரோகிராமை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவிப்பதாக இருந்தேன். அழிக்கவில்லை, மச்சான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

புது நெல் வரத் தொடங்கிவிட்டது. கடைக்குள் நுழைந்தாலே அந்த வாசம் மூக்கில் ஏறுகிறது, கூடவே உன் நினைவும். லொறித் தராசிலிருந்து கொம்பியூட்டருக்கு நீ வயர் இழுத்ததும் இப்படியொரு அறுவடைக் காலத்தில்தான். ஆனால் இந்த முறை எடை அச்சடித்த துண்டு வெளியே வருவதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிடலாம். துறைமுகப் பக்கம் திரும்பும் சந்தி வரைக்கும் லொறிகள் நின்றன. இரண்டு சாரதிகள் பொறுமையிழந்து அடுத்த கடைக்கே போய்விட்டார்கள்.

உன்னோடு கடைசியாகத் தொலைபேசியில் கதைத்தபோதும் இதற்காகத்தான் கத்தினேன். "உன்ர சாமான் கிழட்டு மாடு மாதிரிப் படுத்துக் கிடக்குது" என்றேன். "கத்தாத. திங்கட்கிழமை வந்து பாக்கிறன்" என்றாய். திங்கட்கிழமை நான்தான் உன் வீட்டுக்கு வந்தேன், மலர்வளையத்தோடு. அதற்குப் பிறகும், கேட்டவர்களிடமெல்லாம் நீ சரியாகச் செய்து தரவில்லை என்றே சொல்லி வந்தேன். சொல்லும்போது வாய் கசக்கும். ஆனாலும் சொன்னேன்.

இறக்கக்கண்டியில் இருக்கும் ஒரு கணினிப் பொறியியலாளரைக் கூப்பிட்டேன். கெட்டிக்காரப் பெண். புரோகிராம் ஓடும்போது இடையிடையே எட்டிப் பார்த்து, அந்தக் கணத்தில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று குறித்துக்கொள்ளும் கருவியொன்றை அவர் பூட்டினார். எது அதிகம் அகப்படுகிறதோ அதுதான் நேரத்தைத் தின்கிறது என்று கணக்கு.

"அண்ணை, எடை வாசிக்கிற பகுதிதான் முழு நேரத்தையும் தின்னுது. பாத்த நேரமெல்லாம் அதுதான் நிக்குது. பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதுவம்."

அது நீ பெருமைப்பட்ட பகுதி. நான் ஊரெல்லாம் சொன்னது உண்மையாகிவிட்டதே என்று மனம் விழுந்தது. புதிதாக எழுதும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவன், சும்மா கேட்டேன்.

"எத்தினை தரம் பாத்தனீங்கள், பிள்ளை?"

"செக்கனுக்கு நூறு தரம்."

"ஒரே இடைவெளியிலயோ?"

"ஓம், மணிக்கூடு தட்டின மாதிரி."

நீ சிரித்தது ஞாபகம் வந்தது. ஒருமுறை ஒரு லொறி நெல்லில் ஐந்து மூட்டைக்கு ஒன்றாக இரும்புக் குழாயால் குத்திப் பார்த்து, எல்லாம் நன்றாகக் காய்ந்த நெல் என்று நான் வாங்கினேன். மிச்சமெல்லாம் ஈரம். தராசடியில் குந்தியிருந்த நீ சிரித்தாய்: "நீ எண்ணிக் குத்தினா விக்கிறவன் எண்ணித்தானே அடுக்குவான்! எத்தினை மூட்டை குத்தினாலும் சரிவராது. கண்ட கண்ட இடத்தில குத்து." அன்றிலிருந்து அப்படித்தான் குத்துகிறேன்.

"பிள்ளை, அந்த எடைப் பகுதி செக்கனுக்கு எத்தினை தரம் முழிச்சு எடையைப் பாக்குது?"

அவர் நீ எழுதியதைத் திறந்து பார்த்தார். "அதுவும் நூறு தரம், அண்ணை. அதே மணிக்கூட்டில."

உன் பகுதி விழித்து, எடையை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தூங்கிவிடும். கருவியும் சரியாக அந்தக் கணத்தில்தான் எட்டிப் பார்த்திருக்கிறது. நடுவில் வேறு யார் ஓடித் திரிந்தாலும் அதற்குத் தெரியாது.

"நெல்லு முதலாளி எனக்குப் பாடம் எடுக்கிறார்" என்று சிரித்தபடி, இடைவெளியை ஒழுங்கில்லாமல் மாற்றிவிட்டு மறுபடி அளந்தார். இந்த முறை எடைப் பகுதி எப்போதாவதுதான் அகப்பட்டது. அகப்பட்டுக்கொண்டே இருந்தது பெயர் தேடும் பகுதி. நெல் கொண்டு வருபவர்களின் பெயரை ஒவ்வொரு முறையும் அடிக்க ஏலாது, அதுவே தேடி எடுக்கட்டும் என்று நான் உன்னிடம் அடம்பிடித்துச் செய்வித்தது. "பேர் கூடினாச் சொல்லு, மாத்தித் தாறன்" என்றாய். பெயர்கள் கூடின. நான் சொல்லவில்லை.

பிழை என்னுடையது என்று தெரிந்ததும் இப்படி நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருக்கவில்லை. உன்னைக் குறை சொன்ன இடங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பிள்ளையோடு பேசி முடித்தது இது: பெயர்த் தேடலைத் திருத்த ஒரே தடவையாக இருபத்தையாயிரம் ரூபாய். எடைப் பகுதியில் கை வைப்பதில்லை. இனி எதை மாற்றுவதென்றாலும், கண்டபடி இடைவெளி விட்டு இரண்டு நாள் அளந்து, அந்த அளவுகள் எழுதிய தாளை என் மேசையில் வைத்த பிறகுதான்.