யானை கட்டாத கல்

எதிர்முனையில் நின்று என்னோடு பாவு பிடித்த மச்சானுக்கு,

நீ கண்ணை மூடிப் போனபிறகு தெருவில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? உன் தங்கையிடம் ஆரம்பித்தால், "நானும் அங்கதானே நின்னுக்கினு இருந்தேன்" என்று அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

தெருவின் இரண்டு முனையிலும் நீ நட்ட பாவுக் கற்களை முனிசிபாலிட்டிக்காரர்கள் பிடுங்கிவிட்டார்கள். விடியற்காலையில் அந்தக் கற்களுக்கு நடுவே தறிக்குப் போகிற பட்டுப் பாவு இழைகளை இழுத்துக் கட்டிக் கஞ்சி பூசுவது போக்குவரத்துக்கு இடைஞ்சலாம். அந்நேரத்தில் நம் தெருவில் பால்காரருடைய பசுவைத் தவிர எது போகிறது? உத்தரவு போட்டவர் யாரோ அல்ல. வரி கட்டுகிற வீடு வீடாகப் போய் நீ ஓட்டுக் கேட்டாயே, அதே சேர்மன். "நம்ம மனுஷன் மேல உக்காந்தா நமக்கு நல்லதுதானேப்பா" என்று என்னையும் வெயிலில் இழுத்துக்கொண்டு அலைந்தாய். நல்லதுதான் மச்சான், அவருடைய மைத்துனருக்கு.

அந்த மைத்துனர் புதிதாகக் கட்டிய வீட்டின் முகப்பு பாதித் தெருவுக்கு வந்து நிற்கிறது. அது இடைஞ்சல் இல்லையாம், தெருவுக்கு அழகாம். உன் கற்களை அந்த முகப்புக்குப் படியாகப் போட்டுக்கொண்டார்கள்.

நாங்கள் பாவைச் சுருட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே தோப்புக்குப் போனோம். காற்றும் புழுதியும் சருகும் இழையில் ஒட்டி, பக்கத்து வீட்டுக்காரர் பாவு ஒன்று வீணாய்ப் போனது. உன் மகள் அம்சாவின் கூறைப்புடவைக்கென்று நீயே சாயம் தோய்த்து வைத்துவிட்டுப் போன அரக்குப் பட்டு வீட்டில் இருக்கிறது. அதை அங்கே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது. கெட்டுப்போனால் உன்னுடைய பட்டுக்கு நான் எங்கே போவேன்?

அப்போதுதான் முனிசிபாலிட்டி குமாஸ்தா வந்தார். பெரிய துரை ஊருக்கு வருகிறாராம். "உங்க தெருவுல பாவு போட்டுக் காட்டணும்பா. சேர்மன் உத்தரவு."

"தெருவுல போடக் கூடாதுன்னீங்களே?"

"அது வேற உத்தரவு, இது வேற உத்தரவு. உனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்?"

மைத்துனர் வீட்டுப் படியிலிருந்து கற்களைப் பெயர்த்து வந்து பழைய இடத்தில் நட்டார்கள். கிடைத்த ஒரு நாளை விடக் கூடாதென்று அம்சாவின் பாவையே விரித்தோம். விடிந்தது. துரை வந்தபிறகுதான் கஞ்சியைத் தொட வேண்டும் என்று குமாஸ்தா காவல் நின்றார். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. துரை பங்களாவில் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சேதி வந்தது. சுடுவெயிலில் கஞ்சி பூசினால் இழை விறைத்து அறுந்துபோகும் என்று சொல்லிப் பார்த்தேன். "துரை வரட்டும்" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சு இல்லை.

கடைசியில் உன் தங்கைதான் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் வந்து நின்றாள். "துரை சாப்புட்டு வர்ற வரைக்கும் என் அண்ணன் பொண்ணு கூறை காயணுமா? புடிங்க எல்லாரும்."

தெருவே கை கொடுத்தது. குமாஸ்தா கத்திப் பார்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு இழை ஒட்டவில்லை மச்சான், ஒரு இழை அறுபடவில்லை. காய்ந்ததும் பாவைச் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டோம். உச்சிவேளையில் துரை வந்தபோது அவருக்காகக் கட்டிய மாவிலைத் தோரணமும் இரண்டு கற்களும் மட்டும்தான் தெருவில் இருந்தன. அவர் கல்லைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டார். சேர்மன் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை தலையாட்டிவிட்டு வண்டி ஏறினார். சேர்மன் என்ன சொன்னார் என்று குமாஸ்தாவைக் கேட்டேன்.

"அந்தக் காலத்துல ராஜாவுங்க யானை கட்டின கல்லுன்னு சொல்லிட்டாருப்பா."

மறுநாள் எனக்கு அபராத நோட்டீஸ் வந்தது, தெருவை அடைத்துப் பாவு போட்டதற்கு. உங்கள் உத்தரவுதானே என்றேன். துரை பார்ப்பதற்குத்தான் உத்தரவாம், துரை பார்க்காத பாவு உத்தரவில் சேராதாம். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது. நீ இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பாயா, இல்லை என்னைப்போல உட்கார்ந்திருப்பாயா? ராஜாக்கள் யானை கட்டிய அந்தக் கற்கள் மறுபடியும் மைத்துனர் வீட்டுப் படிக்குப் போய்விட்டன.

புடவையை நெய்து முடித்துவிட்டேன். அதைக் கட்டிப் பார்த்துவிட்டு அம்சா, "யார் கால்ல மாமா நான் விழுவேன், அப்பாவே இல்லையே" என்று அழுதாள்.  அவளுக்கு என் பதிலை இப்போது உனக்குச் சொல்கிறேன். தாலி கட்டி முடிந்து கோயிலுக்குப் போகிற வழி அந்த முகப்பைத் தாண்டித்தான் போகிறது. மேளத்தை அங்கே நிறுத்தச் சொல்வேன். உன் மகள் அந்தக் கூறையோடு உன் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் நகருவாள். தெருவை அடைத்ததற்கு இன்னொரு நோட்டீஸ் வரட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டியவன், உன் மகளுக்கு இனி அப்பன் ஸ்தானத்தில் நிற்கிறவன்.