பாக்கெட்டின் பின்பக்கம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நீயும் உன் மனைவியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். முதலில் ஒரு விஷயத்தைத் திருத்திவிடுகிறேன். சூப்பர் மார்க்கெட்டிலிருந்து என்னை யாரும் கையைப் பிடித்து வெளியே கூட்டிவரவில்லை. நான் மயங்கி விழவில்லை, பாக்கெட்டைப் பிரித்துத் தின்னவில்லை, வீட்டுக்கு வழி தெரியாமல் முழிக்கவும் இல்லை. கீழ் வீட்டுக்காரி, அவளுக்குத் தந்தி என்று நீதான் சின்ன வயதில் பெயர் வைத்தாய், அன்றைக்குச் சோப்பு வாங்க வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு நேரே உன் அக்காவுக்கு ஃபோன் போட்டிருக்கிறாள். தந்தி அதற்குக் கண் வைத்தாள், உன் அக்கா காதும் மூக்கும் வைத்து உனக்கு அனுப்பிவிட்டாள். உன் அக்காவுக்கு என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்காரவைக்க ஒரு காரணம் வேண்டும், அதற்காக இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துவைக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். நடந்தது இவ்வளவுதான். காலை பத்து மணிக்குக் கடைக்குள் போனேன். பன்னிரண்டு பத்துக்குப் பில் போட்டு வாங்கிக்கொண்டு என் சொந்தக் காலில் வெளியே வந்தேன். நடுவில் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படித்தேன்.

ஏன் படித்தேன் என்றால் உன்னால்தான். போன மாதம் ஃபோனில் நீ என்ன சொன்னாய்? பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறதும்மா, வருகிறோம், ஆனால் ஹோட்டலில் ரூம் போட்டாகிவிட்டது, இவள் பால், தயிர், வெண்ணெய், முட்டை, தேன் எதையும் தொடமாட்டாள், உனக்கு எதற்கு வீண் சிரமம், சாயங்காலம் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போகிறோம் என்றாய். நானும் சரி என்றுதான் சொன்னேன். ஃபோனை வைத்த பிறகுதான் மனசில் முள் தைத்தது. உன் பழைய அறையில் இரண்டு கட்டில் விரிப்பு போட்டபடி சும்மா கிடக்கிறது. ஆறு தெரு தள்ளி ஒரு ஹோட்டலில் போய்ப் படுக்கிற அளவுக்கு அப்படி என்ன பெரிய சாப்பாட்டுச் சிக்கல்? அவள் சாப்பிடாததை எல்லோரும் ஒப்பிக்கிறீர்கள், சாப்பிடுவது என்னென்ன என்று ஒருத்தராவது பார்த்தீர்களா? சரி, நாமே பார்த்துவிடலாம் என்று பூதக்கண்ணாடியும் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மருந்துக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் லேபிள் சரிபார்த்தவள் நான், மறந்துவிடாதே. முன்பக்கம் எழுதுவது வாங்குகிறவர்களை மயக்க, பின்பக்கம் எழுதுவது சட்டத்துக்குப் பயந்து. அதனால் எந்தப் பாக்கெட்டையும் முகம் பார்த்து நான் நம்புவதில்லை. அன்றைக்குப் பார்த்ததை உனக்கும் சொல்கிறேன். கருப்பு பிஸ்கட் இரண்டுக்கு நடுவே வெள்ளையாக க்ரீம் வைத்து விற்கிறார்களே, அந்த க்ரீமில் பாலும் இல்லை, பாலின் வாசனைகூட இல்லை, வெறும் சர்க்கரையும் எண்ணெயும். கஸ்டர்டு பவுடர் என்று மஞ்சள் டப்பா, முட்டை போட்டது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன், உள்ளே சோள மாவும் சாயமும். கோழி படம் போட்ட சிப்ஸ் பாக்கெட்டில் கோழி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதற்கு நேர்மாறாக, ஒன்றுமே தெரியாத சாது மாதிரி உட்கார்ந்திருக்கிற தக்காளி சூப் பாக்கெட்டில் பால் பவுடர். உப்பு மட்டும் போட்ட சிப்ஸ் என்று எழுதியிருக்கிறது, அதிலும் பால் பவுடர். எதற்கு? கார்ன் ஃப்ளேக்ஸில் தேன். பன்னுக்கு மேலே அந்த மினுமினுப்பு, அது முட்டை. யாரை நம்புவது சொல். இரண்டாம் வரிசையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எந்த ஆபீஸிலிருந்து வர்றீங்க மேடம் என்று கேட்டார். வீட்டிலிருந்து என்றேன். அவர் நம்பவில்லை போலிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் மேனேஜரே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் பக்கம் போட்டு, ஒரு தம்ளர் ஜூஸும் கொண்டுவந்து வைத்தார். என்னை உணவு இன்ஸ்பெக்டர் என்று நினைத்துவிட்டார் பாவம். இந்த மரியாதையைத்தான் தந்தி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, கிழவிக்குத் தலை சுற்றல் என்று முடிவு கட்டியிருக்கிறாள். ஜூஸை நான் குடிக்கவில்லை, டப்பாவைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை.

வீட்டுக்கு வந்து என் சமையலறை அலமாரியையும் விடவில்லை, கதவைத் திறந்து வைத்து ஒன்றொன்றாக இறக்கினேன். நான் வழக்கமாக வாங்குகிற ரொட்டி, ஓட்ஸ், பெயரில் மட்டும் வெண்ணெய் இருக்கிற கடலை வெண்ணெய், பழ ஜாம், பாஸ்தா, டப்பாவில் வருகிற பீன்ஸ், சோளம், தக்காளி விழுது, கடுகு சாஸ், கசப்புச் சாக்லேட், உப்பு பிஸ்கட், உலர்ந்த திராட்சை, அரிசி, பருப்பு வகைகள். எதிலும் அவள் ஒதுக்குகிற சாமான் இல்லை. நோட்டில் இப்படி இருபத்து மூன்று பெயர் எழுதினேன். எதுவும் அவளைப் போன்றவர்களுக்கென்று தனியாகச் செய்தது இல்லை, எல்லாக் கடையிலும் எல்லோரும் வாங்குகிற சாதாரண சாமான்தான். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நீங்கள் ரூம் போட்டிருக்கிற ஹோட்டலுக்கு ஃபோன் செய்து, காலைச் சாப்பாட்டுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டேன். ஆம்லெட், வெண்ணெய் தடவிய டோஸ்ட், பால், தயிர், பாலாடைக்கட்டி என்று அந்தப் பெண் இனிமையாகப் பாட்டுப் போல ஒப்பித்தாள், இட்லி தோசை அங்கே கிடையாதாம். பாலும் முட்டையும் சேராத ஆளுக்கு என்ன என்று கேட்டேன். சமையல்காரரைக் கேட்டுவிட்டு வந்து, தர்பூசணி தரலாமாம் மேடம் என்றாள். பத்து நாளைக்கும் தர்பூசணியா என்று கேட்டதற்கு, பப்பாளியும் உண்டு என்றாள்.

ஆக, சாப்பாடு காரணம் இல்லை. உன் மனைவி சாப்பிட அந்த ஹோட்டலில் இருப்பதைவிட என் அலமாரியில் அதிகம் இருக்கிறது என்பது உனக்கும் தெரியும், நீ ஒன்றும் விவரம் தெரியாதவன் இல்லை. அப்படியானால் வேறு ஏதோ இருக்கிறது. அது என்ன என்று மூன்று நாளாக யோசிக்கிறேன், யோசிக்கிறேன் என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை, எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நீங்கள் ஒரு வாரம் இங்கே தங்கினீர்களே, மூன்றாம் நாள் மத்தியானம் நான் உருளைக்கிழங்கு மசித்தேன். அதில் ஒரு பெரிய ஸ்பூன் வெண்ணெய் போட்டேன். கை தவறிப் போடவில்லை, தெரிந்தே போட்டேன். ஏதோ புதுப் பவிசு, நாலு மாதத்தில் விட்டுவிடுவாள், உடம்பில் எலும்புதான் இருக்கிறது, ஒரு ஸ்பூன் உள்ளே போனால் ஒன்றும் கெட்டுவிடாது என்று நினைத்தேன். மேஜையில் அவள் கேட்டாள், அத்தை, இதில் வெண்ணெய் இல்லையே என்று. இல்லைம்மா, எண்ணெய்தான் என்று அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவள் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், எனக்கும் சொல்லிக்கொடுங்கள் அத்தை என்றாள். நீ ஒரு வாய் சாப்பிட்டாய். பிறகு என்னைப் பார்த்தாய். பிறகு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஆபீஸ் ஃபோன் வருகிறது என்று எழுந்து போனாய். பல் முளைத்த நாளிலிருந்து என் கையால் அதைச் சாப்பிட்டவன் நீ, வெண்ணெய் போட்டதும் போடாததும் உன் நாக்குக்குத் தெரியாமலா போகும்? அன்றைக்கு நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டு முடித்திருப்போம். நீ கேட்கவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து ஹோட்டலில் ரூம் போடுகிறாய்.

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள், உன் அப்பாவே அதை எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் நம்பிச் சாப்பிட உட்கார்ந்தவளிடம் நான் பொய் சொன்னேன். வாயால் கேட்டவளுக்குப் பதில் பொய் என்றால் பிறகு அவள் எதைப் படித்துத் தெரிந்துகொள்வாள்? அவள் வந்ததும் நானே சொல்லிவிடப் போகிறேன். நீ முந்திக்கொண்டு எனக்காகப் பூசி மெழுக வேண்டாம். எனக்கு ஒன்று மட்டும் முன்னாலேயே தெரிய வேண்டும், அவளுக்கு இது புதுச் செய்தியா, பழைய செய்தியா என்று. பழையது என்றால் அவள் இரண்டு வருஷமாக மாதா மாதம் ஃபோனில் முழங்கால் எப்படி இருக்கிறது அத்தை என்று கேட்டதெல்லாம் தெரிந்துகொண்டே கேட்டது. அப்படியென்றால் அவள் உள்ளே காலெடுத்து வைக்கும் முன்னே நான் வாசல் வரை வந்து நின்று சொல்ல வேண்டும். புதியது என்றால் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டினாயா, வலி விட்டுவிட்டது என்று சும்மா இருக்காதே. குளிரில் காதை மூடிக்கொள். அக்கா பேசினால் கோபமாகப் பேசாதே, என்மேல் அக்கறையில்தான் அவளும் அலைகிறாள், வழிதான் எனக்குப் பிடிக்கவில்லை. கடவுள் உங்கள் இரண்டு பேரையும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் வைத்திருக்கட்டும்.

ஃபோனில் கேட்டால் நீ தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் ஃபோன் செய்யாதே. உருளைக்கிழங்கு விஷயத்தை அவளிடம் சொன்னாயா இல்லையா, நீங்கள் கிளம்புவதற்கு முன் எனக்குக் கிடைக்கிற மாதிரி, உன் கையால் எழுதித் தபாலில் அனுப்பு.

உன் அம்மா