செஞ்சிக்கு வாங்கிய இரண்டு தொப்பிகள்

மச்சி,

கொடியில் காய்கிறது அந்த வெயில் தொப்பி. பாண்டி பஜாரில் நீ இரண்டாக வாங்கி, ஒன்றை என் மண்டையில் கவிழ்த்தாயே, அதேதான். அதில் தொங்கிய விலை அட்டையை முந்தாநாள்தான் கத்தரித்தேன்.

மயிலாப்பூர் குளத்தோர டீக்கடையில் நாற்பது வருடம் நாம் நடத்திய கோட்டை யுத்தத்தில் எத்தனை ஆயிரம் டம்ளர் ஆறிப்போயிருக்கும்! நீ வேலூர்க்காரன். நானோ செஞ்சிப் பரம்பரை. எங்கள் ராஜகிரிக் கோட்டை உச்சியில் நான் ஒருமுறை தும்மியதற்குத் திண்டிவனத்தில் குடை பிடித்தார்கள் என்று அளந்தேன்.

"எல்லாம் சரி மச்சி, மேல டீ கெடைக்குமா?" என்பாய். "எங்க ஊர்ல பஸ்ஸ வுட்டு எறங்கினா அகழி. அத்த சுத்தி மார்க்கெட்டு, உள்ள கோயிலு, மசூதி, சர்ச்சு. உன்னுது இன்னா? ஊரு ஒரு பக்கம் கீது, கோட்டை ஒரு பக்கம் கீது. ஜனம் இல்லாத கோட்டை வெறும் மல."

வேலூருக்கு அழைத்துப்போய் அகழியைச் சுற்றி நடக்கவைத்தாய். உன் அக்கா வீட்டில் பிரியாணியும் போட்டாய். பதிலுக்கு நான் செஞ்சியைக் காட்ட வேண்டும். அதற்குத்தான் தொப்பி.

ஒரு ஞாயிறு முழங்கால் வலி என்றேன். அடுத்த ஞாயிறு மச்சினி வீட்டு வளைகாப்பு. "இன்னா, உங்க ராசா பார்க்க டைம் குடுக்க மாட்றாரா?" என்று சிரித்தாய். ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இப்போது சொல்கிறேன். நான் செஞ்சிக் கோட்டையைப் பார்த்ததே இல்லை, மச்சி. பாட்டன் பிறந்த ஊர், அவ்வளவுதான். நான் கண்டது காலண்டர் படம். உன்னோடு வந்தால் எந்த வாசல் என்று தெரியாமல் முழிப்பேனே என்ற பயம். ஒரு புளுகைக் காப்பாற்ற உன்னைக் கடைசிவரை காக்கவைத்தேன்.

முந்தாநாள் தனியாகப் போனேன். திண்டிவனத்தை நனைத்த மாவீரன் நூறாவது படியில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டேன். கீழே கோட்டைக் களஞ்சியத்துப் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் கூச்சல். ஒருவர் ஆடு ஓட்டிக்கொண்டு போனார். "பார்டா, ஜனம்!" என்று ஜெயித்த குஷியில் பக்கத்தில் திரும்பினேன்.

வெள்ளரிக்காய் விற்ற அம்மா, "யாரத் தேடுறீங்க சாமி?" என்றாள். இரண்டு வெள்ளரிக்காய் வாங்கினேன்.

இன்று காலை டீக்கடையில் வழக்கம்போல ஒருவர் சீண்டினார்: "என்ன சார், செஞ்சியா வேலூரா?"

"வேலூர்" என்றேன்.

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என்ன செய்வது மச்சி, இனி உன் கட்சியையும் நான்தான் பேசியாக வேண்டும்.