கதவில் எழுதிய கணக்கு

ஆம்பூர்,
வியாழன் மாலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், என் தப்பையும் சேர்த்து. போனில் சொன்னால் அம்மிக்குக் கேட்டுவிடும். நாளை ரியாத்துக்குக் கிளம்பும் முஜாஹித் சாச்சாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தையல் வேலை நன்றாகப் போகிறது என்றுதானே அம்மி உங்களிடம் சொல்கிறார்கள்? பதினோரு நாளாக நம் வீட்டுக்குக் கம்பெனியிலிருந்து ஷூ தைக்கும் மூட்டை வரவில்லை. காரணம் நான்.

கலையரசி டீச்சர் பணவீக்கம் பாடம் நடத்தினார்கள். நோட்டில் அச்சடித்த எண் அப்படியே இருக்கும், அதற்குக் கிடைக்கும் பொருள்தான் சுருங்கும் என்றார்கள். வீட்டில் ஏதாவது ஒன்றை வைத்து அளந்து பார்க்கச் சொன்னார்கள். நான் பாமாயில் பாக்கெட்டை எடுத்துக்கொண்டேன். நான் நாலாவது படிக்கும்போது ஏழு ஜோடி தைத்தால் ஒரு பாக்கெட் வாங்கலாம். இப்போது ஒன்பதாவது, பதினோரு ஜோடி தைக்க வேண்டும். ஜோடிக்குக் கூலி அன்றும் பன்னிரண்டு ரூபாய், இன்றும் பன்னிரண்டு ரூபாய்.

அம்மி தைத்து முடித்த ஜோடிகளுக்குக் கதவின் உள்பக்கம் சாக்பீஸ் கோடு போடுவார்களே, அதற்குப் பக்கத்திலேயே இதை எழுதிவிட்டேன். மூட்டை எடுக்க வருகிறவர் அந்தக் கோடுகளைத்தான் எண்ணுவார் என்பது நினைவில்லாமல் போயிற்று.

முதலில் பார்த்தது எதிர்வீட்டுத் தனகோடி அக்கா. ஏஜெண்ட் ஆபித் பாஷா மாமு வந்ததும், "இன்னா பாய், எண்ணெய் ஏறுது, கேஸ் ஏறுது, எங்க கூலி மட்டும் நொண்டியா?" என்று கேட்டார். நாலு வீட்டுப் பெண்களும் கூடி, ஜோடிக்கு ரெண்டு ரூபாய் ஜாஸ்தி போடச் சொன்னார்கள்.

மாமு கத்தவில்லை. "கம்பெனி எனக்கே ஒரு பைசா ஏத்தல, நான் எங்கருந்து குடுக்கறது?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "படிச்ச பொண்ணு, கூலியையும் நீயே குடுத்துடு" என்றார். மறுநாள் எல்லா மூட்டையும் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே அதே பன்னிரண்டுக்குத் தைக்கிறார்கள்.

இப்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தால்கூட மாமுவோ என்று கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன். அம்மி தினமும் நோன்பு என்கிறார்கள். ஆனால் விடியும் முன் எழுந்து சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

நேற்று மாமு சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை நாலு வீட்டார் முன்னால் என் கணக்கு தப்பு என்று சொல்லி, நானே அதை அழித்தால் மூட்டை வருமாம். அம்மி ஒரு ஈரத்துணியைக் கதவருகே வைத்திருக்கிறார்கள்.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன், அப்பா. தப்பு வரட்டும் என்று துஆ கேட்டுக்கொண்டே போட்டேன். வரவில்லை.

ஞாயிறு காலைக்குள் போன் செய்யுங்கள். தப்பு என்று நீங்கள் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுகிறேன். மூட்டை இல்லையே என்று கூடுதலாகப் பணம் அனுப்ப வேண்டாம். அங்கே அறை வாடகை ஏறியது எனக்குத் தெரியும். நீங்களும் நோன்பு வைத்துவிடாதீர்கள்.

அல்லாஹ் உங்களைப் பசியில்லாமல் வைக்கட்டும்.

உங்கள் மகள்
அம்பரீன்

பி.கு. இதைத் தெருவிளக்கில் எழுதுகிறேன். மணி ஏழரைகூட ஆகவில்லை. தைக்க ஒன்றுமில்லாத வீட்டுக்கு வெளிச்சம் எதற்கு என்று அம்மி விளக்கை அணைத்துவிட்டார்கள்.