குத்தகை வண்டியில் உன் பெயர்

அக்கா,

இன்று காலை எங்கள் தெருமுனையில் பழைய இரும்புக் கடைக்காரர் பஸ் சீட்டுகளைக் குவித்துத் தீ வைத்தார். அவருக்கு இரும்புச் சட்டம் மட்டும் மிஞ்சினால் போதும். ரெக்சினும் தென்னை நாரும் எரிகிற வாசனை வீட்டுக்குள் வந்துவிட்டது. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் போகவில்லை. "என்ன மாமா, மொகமெல்லாம் வேர்த்திருக்கு?" என்று மருமகள் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

மச்சான் செத்தபோது செல்லூர் ஷெட்டில் நமக்கு நான்கு பஸ்கள் நின்றன. நான்கும் ஒரே மாடல். "ஒண்ணு படுத்துக்கிட்டா இன்னொண்ணுல இருந்து கழட்டி மாட்டிக்கிரலாம்ல" என்பார் மச்சான். நான்கின் நெற்றியிலும் உன் பெயர். கல்யாணமான புதிதில் அவர் ஆசையாக எழுதிவைத்தது. வண்டிகளை விலைக்குக் கேட்டு வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் நீயே ஷெட்டில் வந்து உட்கார்ந்தாய். அழகர்கோவிலுக்கும் மேலூருக்கும் மற்ற பஸ்களைவிடக் குறைந்த டிக்கெட்டில் ஓட்டினாய். ஜனங்கள் கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டார்கள். "அக்கா வண்டி வரட்டும்" என்று நிற்பார்கள்.

எண்பதுகளில் அந்த ரூட்டுகளில் வேறு பஸ்கள் பெருகின. நம் வண்டிகள் பாதி காலியாகப் போய் வந்தன. அப்போதுதான் தறிக்காரர் சுப்பையா ஷெட்டுக்கு வந்து கேட்டார்: "மெட்ராஸுக்கு ஒரு வண்டி விடுங்கக்கா. சேலை மூட்டையை வச்சுக்கிட்டு ரயில்ல அல்லாட முடியல."

நம் பஸ்கள் அவ்வளவு தூரம் தாங்காது. புதிதாக வாங்கவும் வழியில்லை. வெளியூர் முதலாளி ஒருவரிடம் இரண்டு பெரிய பஸ்களைக் குத்தகைக்கு எடுத்தாய். வண்டியும் அவருடையது, டிரைவரும் அவருடைய ஆள். பெயர் மட்டும் உன்னுடையது. பழைய பெயரை அழித்து உன் பெயரை எழுதித்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

நீ உள்ளே ஏறிக் கடைசிவரை நடந்தாய். நான் உன் பின்னால் நின்றேன். இரண்டு வண்டியிலும் பின்பக்கத்து அவசரக் கதவை மறித்து ஒரு சீட்டு போட்டிருந்தது.

"இது என்னண்ணே, கதவை மறிச்சு சீட்டு?" என்று அந்த முதலாளியின் ஏஜெண்டைக் கேட்டாய்.

"கூட ரெண்டு பேரு உக்காரலாம்ல. லாங் ரூட்டுல எல்லாரும் போடுறதுதான்."

"கழட்டிக் குடுங்க."

"ஒர்க்‌ஷாப்புல அடுத்த சர்வீசுக்கு விடும்போது கழட்டிருவோம்மா."

திருவிழாக் கூட்டம். டிக்கெட் எல்லாம் கொடுத்தாயிற்று. சீட்டின் முதுகைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாய். "அடுத்த சர்வீசுல கண்டிப்பாக் கழட்டிரணும்" என்றாய். அந்த சர்வீஸ் தள்ளிக்கொண்டே போனது. நீ கேட்கும்போதெல்லாம் ஏஜெண்ட் தலையாட்டினார்.

மெட்ராஸை நெருங்குகிற சமயம், பொழுது விடிகிற நேரத்தில், நின்றிருந்த லாரியில் அந்தக் குத்தகை வண்டிகளில் ஒன்று மோதியது. முன்வாசல் நசுங்கிவிட்டது. தீ முன்னாலிருந்து பரவியது. ஜன்னலிலெல்லாம் கம்பி. எல்லோரும் பின்னால் ஓடினார்கள். ஓடி வந்த ஊர்க்காரர்கள் வெளியேயிருந்து கதவைத் திறந்தார்களாம். கதவு திறந்தது, அக்கா. உள்ளேயிருந்தவர்களால்தான் அந்தச் சீட்டைத் தாண்டி வர முடியவில்லை.

சுப்பையாவின் மனைவியும் மகளும் அந்தத் தீயில் போனார்கள். மகளை நர்ஸ் படிப்பில் சேர்க்கப் போன பயணம்.

எல்லாக் காரியமும் முடிந்த பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாய். தறி ஓடிக்கொண்டிருந்தது. நம்மைப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை. வாசலிலேயே நின்றோம். தலை நிமிராமல் அவர் சொன்னார்: "நாந்தானக்கா வந்து கேட்டேன், மெட்ராஸுக்கு வண்டி விடுங்கன்னு."

அதை உன்னால் தாங்க முடியவில்லை. "கதவை மறிச்சு சீட்டு இருந்தது எனக்குத் தெரியும் சுப்பையா. பாத்துட்டுத்தான் வண்டியை விட்டேன்" என்றாய்.

தறி நின்றது. "போயிருங்கக்கா" என்றார். அவ்வளவுதான்.

கேஸ் நடந்தது. நம் வக்கீல் நல்ல மனிதர். உன்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "வண்டி அவனோடது, டிரைவர் அவன் ஆளு. நீங்க டிக்கெட்டு மட்டுந்தான் வித்தீங்க. சீட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருங்கம்மா."

"அவன் வண்டின்னு யாரு சார் ஏறுனா? எம் பேரைப் பாத்துத்தானே ஏறுனாக."

நானும் உன்னிடம் கெஞ்சினேன். ஒரு வார்த்தைதானே அக்கா என்றேன். நீ சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாய். கூண்டில் ஏறி, பார்த்தேன், தெரியும், அனுப்பினேன் என்று மூன்றையும் சொன்னாய். வெளியூர் முதலாளியோ தனக்கு எதுவுமே தெரியாது என்றார். அந்தம்மா சம்மதித்துத்தானே ஓட்டினார்கள் என்று அவருடைய ஏஜெண்ட் சாட்சி சொன்னார். அவர்கள் தப்பித்தார்கள். நம் நான்கு பஸ்களும் நஷ்டஈட்டுக்குப் போயின. உன்னை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் உனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்குமோ என்று பிற்பாடு பல முறை நினைத்திருக்கிறேன்.

கீழக்குயில்குடியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாய். ஒரு நாள் நான்தான் வந்து சொன்னேன்: மிச்சமிருந்த அந்த இன்னொரு குத்தகை வண்டி வேறொருவர் பெயரில் மெட்ராஸுக்கு ஓடுகிறது, சீட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு எழுந்தாய்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அந்த வண்டி ஆள் ஏற்றுகிற இடத்தில் போய் நின்றாய். ஏறுகிற ஒவ்வொருவரிடமும், "பின்னாடி கதவு இருக்கு, ஆனா வெளிய வர முடியாது. இதுல போகாதீக" என்றாய். சிலர் நின்று கேட்டார்கள். பலர் விலகிப் போனார்கள். "பைத்தியம் மாதிரி கத்தாத, போம்மா அங்குட்டு" என்று கண்டக்டர் கையைப் பிடித்துத் தள்ளினான். நீ விழுந்ததை நான் பார்த்தேன். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் அதே இடத்தில் நின்றாய். வீட்டுக்கு வா அக்கா என்றால், "நீ போ தம்பி, வாரேன்" என்பாய்.

கடைசியில் உன் தொல்லை தாங்காமல் ஒரு சாயங்காலம் நம் கண் முன்னாலேயே அந்தச் சீட்டைக் கழற்றி இறக்கினார்கள். நீ உள்ளே ஏறினாய். கதவைத் திறந்தாய், மூடினாய், இன்னொரு தடவை திறந்தாய். இறங்கி வந்தபோது உன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"பாத்தியா தம்பி, நாலு போல்ட்டு. இம்புட்டு நேரந்தான் ஆகுது."

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் நீயும் கண்ணை மூடிவிட்டாய்.

போன மாதம் செல்லூர்ப் பக்கம் போனேன். டீக்கடையில் ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, அந்த எரிஞ்சுபோன பஸ்ஸுக்காரம்மா உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள்.

"கூடப் பெறந்தவன்" என்றேன்.