சைபர் வாங்கிய ஒப்பாரி

அனுப்புநர்:
செ. வள்ளித்தாய்,
முதுகலைத் தமிழ், முதலாம் ஆண்டு,
தெற்கு ரத வீதி,
சங்கரன்கோவில்.

பெறுநர்:
கல்லூரி முதல்வர் அவர்கள்.

பொருள்: நாட்டுப்புற இலக்கியத் தாளில் ஒப்பாரி சேகரித்த ஒப்படைப்புக்கு மதிப்பெண் மறுத்தது குறித்துப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாட்டுப்புற இலக்கியம் நடத்தும் பேராசிரியர் திரு. சுயம்புலிங்கம் அவர்கள், ஒவ்வொரு மாணவரும் சொந்த ஊரில் ஓர் ஒப்பாரியாவது கேட்டு எழுதி வர வேண்டும் என்றார். பாடியவர் யார், யாருக்காகப் பாடியது என்ற விவரமும் வேண்டும் என்றார். இதில் தேறாதவரைத் தேர்வு எழுத விடமாட்டார்.

2. எங்கள் சொந்த ஊர் திருவேங்கடம் பக்கம். சாவு விழாத வீட்டில் அங்கே ஒப்பாரி பாட மாட்டார்கள். பாடினால் அந்த வீட்டில் சாவு விழும் என்பது நம்பிக்கை. நான் கேட்டுப் போன வீடுகளில் உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை. ஒருத்தி விளக்குமாற்றைக் கையில் எடுத்தாள். அவளை நான் குறை சொல்லவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் வீசியே இருப்பேன்.

3. என் படிப்பு பாழாகிவிடுமே என்று என் தாயார் கோமதித்தாய் பாடச் சம்மதித்தார். கூரைக்குக் கீழே பாட மாட்டேன் என்று பருத்திக் காட்டுக்கு அழைத்துப் போனார். யாரை நினைத்துப் பாடுவது என்று கேட்டேன். "உங்க அய்யாவ வச்சும் பாட முடியாது, உன்ன வச்சும் பாட முடியாது. நான் செத்தா நீ எப்படி அழணுமோ, அதப் பாடுதேன். எழுதிக்கோட்டி" என்றார். பாடி முடித்து, கிணற்றில் தலை முழுகிய பிறகுதான் வீட்டுப் படி ஏறினார்.

4. நடந்ததை மறைக்காமல் குறிப்பெழுதி ஒப்படைத்தேன். பேராசிரியர் அந்தப் பாட்டை மூக்கால் அழுவதுபோல் ராகம் போட்டு வகுப்பில் படித்தார். வகுப்பே சிரித்தது. "உசுரோட இருக்கவளுக்கு ஒப்பாரியா? பொணம் எங்கம்மா? உங்க அம்மா செத்த பெறகு கொண்டா, மார்க் போடுதேன்" என்று சொல்லிச் சிவப்பு மையில் சைபர் போட்டார்.

5. அடுத்த மாதமே என் தாயார் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். காமாலைக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குத் தெரியும். ஊரில் வேறு எவரும் அப்படி நினைக்கவில்லை. "பாட்டுக் கேட்டே பெத்தவளைக் கொன்னுட்டா" என்று என் காதுபடப் பேசினார்கள். ஒரே மகளாகிய நான்தான் முதலில் பாடி அழ வேண்டும். பெண்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எனக்கென்று பாடிக் காட்டியதை எடுக்க வாய் திறந்தேன். வகுப்பின் சிரிப்புதான் காதில் கேட்டது. ஐயா, என் தாயாரைப் பாடாமலேயே அனுப்பிவைத்தேன். அதற்காக அந்த மனிதரை நான் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை.

6. விடுப்பு முடிந்து வந்தபோது பேராசிரியர் வருத்தம் தெரிவித்தார். கையோடு, என் தாயாரின் துட்டி வீட்டில் பெண்கள் பாடியவற்றை மறப்பதற்குள் எழுதித் தந்தால் தேறவைப்பதாகவும், இப்படி நேரில் கேட்கும் வாய்ப்பு எல்லா மாணவருக்கும் அமையாது என்றும் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு உதவுவதாக நினைத்தே சொன்னார்.

7. அந்தப் பாட்டுகளை நான் தர மாட்டேன். அவை மதிப்பெண்ணுக்குப் பாடப்பட்டவை அல்ல. ஏற்கெனவே கொடுத்த ஒப்படைப்பையே ஏற்று, என்னைத் தேர்வெழுத அனுமதிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பறையில் அனைவர் முன்னிலையிலும் பேராசிரியர் விதித்த நிபந்தனையை என் தாயார் நிறைவேற்றிவிட்டார். கிராம முன்சீப் வழங்கிய இறப்புச் சான்றை இத்துடன் இணைத்துள்ளேன். இனி மார்க் போடுவதில் பேராசிரியருக்குத் தடை ஏதும் இருக்காது என்று நம்புகிறேன்.

இடம்: சங்கரன்கோவில்
நாள்: 12-3-1979

பணிவுடன் ஒப்பமிடும்,
செ. வள்ளித்தாய்

இணைப்பு: இறப்புச் சான்று – ஒன்று.