“மட்டும்” என்று ஏன் எழுதினீர்கள், மாப்பிள்ளை?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, எழுத்துக் கூட்டி நானே எழுதுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் கை நிற்க மாட்டேன் என்கிறது, அவ்வளவு சந்தோஷம். நீங்கள் இருந்திருந்தால் முதல் கடிதத்தை உங்கள் கையில்தான் கொடுத்திருப்பேன். இப்போது எழுதுவதோ திட்டுகிற கடிதம்.

நீங்கள் செய்த மழை ஆப் இப்போது பேசுவதில்லை.

வேம்பார் உப்பளத்தில் படிக்கத் தெரியாத எங்களுக்காகத்தானே அதற்குக் குரல் வைத்தீர்கள்? யாரோ எழுதி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்த, லைப்ரரி என்று நீங்கள் சொல்லும் குரல் நிரலை எடுத்துத் திருத்தி, “மழை வாரமாதிரி இருக்கு, உப்ப மூடுங்க” என்று நம் பேச்சிலேயே பேச வைத்தீர்கள்.

உங்களுக்குப் பிறகு ஆப்பைக் கவனிப்பவன் உங்கள் கூட்டாளி ஜெபா. ஆப்பின் புதுப் பதிப்பை வெளியிடும்போது, அந்த லைப்ரரியை எடுத்தாள விதித்த நிபந்தனையை, லைசென்ஸை, வாசித்துப் பார்த்து, குரலை எடுத்துவிட்டான். ஏன் என்று சண்டைக்குப் போனேன்.

“லைப்ரரிய மாத்தலாம்ப்பா, யாருக்கும் குடுக்கலாம். ஆனா அதைச் சேத்து வெளியிட்டா, மொத்த ஆப்பும் அந்த லைசென்ஸோட புதுப் பதிப்புல இருக்கணும். உங்க மாப்பிள்ள நம்ம ஆப்புக்கு லைசென்ஸோட பழைய பதிப்பு மட்டும்னு எழுதி வச்சிட்டான்.”

“ரெண்டுமே சும்மா குடுக்கதுதானல? அதுல என்ன சண்டை?”

“ரெண்டு பதிப்பும் ‘எஞ்சொல்படிதான் குடுக்கணும்’ங்குதே! பழையது, இல்லன்னா அதுக்குப் பிந்தினதுன்னு போட்டிருந்தா தீந்துச்சு.”

இதைப் போட உங்களுக்கு என்ன கஷ்டம், மாப்பிள்ளை? யோசித்து எழுதினீர்களா, எங்கிருந்தாவது அப்படியே எடுத்துப் போட்டீர்களா? யாரிடம் போய்க் கேட்பேன்?

அந்த “மட்டும்” என்பதை மாற்ற, தான் எழுதிய பகுதிக்கு ஜெபா சம்மதித்துவிட்டான். உங்கள் பகுதிக்கு வாரிசான பொன்மணிதான் சொல்ல வேண்டுமாம். உங்கள் மனைவியின் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா? “அவுக எழுதினதுல ஒரு சொல்லும் மாத்தக் கூடாது” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

போன வாரம் போனில் எழுத்து மட்டும் வந்தது. நான்தான் வாசித்தேன். “ம... ழை... எச்... ச...”

உப்புச் சுமக்கும் காளியம்மாள் கூடையை இறக்கினாள். “அண்ணாச்சி, நீங்க வாசிச்சு முடிக்கதுக்குள்ள மழையும் பெஞ்சு வெயிலும் அடிச்சிரும்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் மழை இறங்கிவிட்டது. தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் காலையிலிருந்து அவர்கள் சுமந்து குவித்ததில் பாதி கரைந்து ஓடியது. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஈர வேட்டியோடு வீட்டுக்குப் போய்ப் பொன்மணியிடம் கத்தினேன். அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

“மட்டும்னு எழுதினதும் அவுக, குரல் வச்சதும் அவுகதானப்பா? குரலயே வச்சிக்கிடுவோம். ஜெபாகிட்ட சொல்லிருதேன்.”

அன்றைக்கே சம்மதம் எழுதி அனுப்பிவிட்டாள்; அடுத்த பதிப்பில் குரல் திரும்பி வந்துவிடுமாம். அனுப்பிய பிறகு அழுதாள்.

உங்களுக்கு இதில் வருத்தம் இருந்தால் அவள் கனவில் போய்க் கேட்காதீர்கள், என்னிடம் வாருங்கள். அவளைச் சம்மதிக்க வைத்தது நான்தான். இதற்கு மேல் உங்கள் எழுத்தில் யார் கை வைக்க வந்தாலும், முதலில் என்னிடம் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இது சத்தியம்.

உங்களைத் திட்டவும் உரிமையுள்ள மாமனார்,
சுடலைமுத்து